சு. சிவசங்கரநாராயண பிள்ளை

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை (ஏப்ரல் 5, 1901 – ஆகஸ்ட் 31, 1950) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆவார். எஸ். எஸ். பிள்ளை என்ற பெயரால் பரவலாக அறியப்பட்டவர். எண் கோட்பாடே அவரது துறை. 1770 முதல் கணித உலகில் பேசப்பட்டு வந்த வாரிங் பிரச்சினைக்கு அவர் அளித்த தீர்வு, இராமானுசனுக்குப் பின் இந்தியக் கணிதத்தில் நிகழ்ந்த தலைசிறந்த சாதனைகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. இன்றைய மாணவர்கள் நிகழ்தகவு, எதிர்பார்ப்பு மதிப்பு ஆகிய தலைப்புகளில் எதிர்கொள்ளும் சில வினாக்களுக்கு அடியிலும் அவரது பெயர் தாங்கிய சார்பு ஒன்று இருக்கிறது. உலகக் கணித மாநாட்டிற்குச் செல்லும் வழியில் வானூர்தி விபத்தில் 49-ஆம் அகவையில் இறந்தார்.

பிறப்பும் கல்வியும்

பிள்ளை, குற்றால அருவிகளுக்கு அருகில் உள்ள வல்லம் என்ற ஊரில் பிறந்தார். இவ்வூர் இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. (தென்காசி, திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது 2019-ஆம் ஆண்டில்.) தந்தை சுப்பையா பிள்ளை, தாய் கோமதி அம்மாள். தாயின் பெயரும் மகனின் பெயரும் சங்கரன்கோவிலில் உறையும் கோமதி அம்மனையும் சங்கரநாராயணரையும் நினைவூட்டுபவை. தென்காசிச் சீமையில் இப்பெயர்கள் இன்றும் வீட்டுக்கு வீடு வழங்குகின்றன.

பிள்ளைக்கு ஓராண்டு நிறைந்த நிலையில் தாய் காலமானார். பள்ளியின் இறுதி ஆண்டில் தந்தையையும் இழந்தார். படிப்பு அத்துடன் நின்றிருக்க வேண்டியது. பள்ளி ஆசிரியர் ஒருவரின் பொருளுதவியே அவரைக் கல்லூரி வாயில் வரை கொண்டு சேர்த்தது.

அவர் பள்ளியில் பயின்ற செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமத்தானத்தின் பகுதி. 1956 நவம்பரில்தான் அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நாகர்கோவிலும் அன்று திருவிதாங்கூரிலேயே இருந்தது. ஆகவே வல்லத்துச் சிறுவன் ஒருவன் மேற்படிப்புக்குத் தெற்கு நோக்கிச் சென்றதில் வியப்பில்லை. பிள்ளை நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு முடித்து, திருவனந்தபுரம் மகாராசாக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

சென்னையும் அண்ணாமலைநகரும்

1927-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிள்ளைக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கியது. அங்கு கா. ஆனந்தராவ், இரா. வைத்தியநாதசுவாமி ஆகிய இருவரின் வழிகாட்டுதலில் பணியாற்றினார். ஆனந்தராவ், கேம்பிரிட்சில் ஹார்டியிடம் பயின்றவர். இராமானுசன் அங்கிருந்த காலத்திலேயே தாமும் அங்கு இருந்தவர். இராமானுசன் இறந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த அக்காலத்தில், சென்னையில் எண் கோட்பாட்டைத் தேர்ந்தெடுத்த ஓர் இளைஞனுக்கு இதைவிட நல்ல சூழல் இந்தியாவில் அமைந்திருக்க முடியாது.

1929-இல் சிதம்பரத்தை அடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டிலேயே பிள்ளை அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை அங்குப் பணிபுரிந்தார். அவரது பெயரை நிலைநிறுத்திய ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எழுதப்பட்டவை. அவற்றுள் பலவற்றை அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆய்விதழிலேயே வெளியிட்டார். சொந்த நிறுவனத்தின் இதழை வளர்க்கும் எண்ணம் போற்றத்தக்கதே. ஆயினும் அவ்விதழ் ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்கள் பலவற்றை எட்டவில்லை. பிள்ளையின் முடிவுகள் சில, பிறரால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே உலகின் கவனத்துக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் வழங்கியது.

வாரிங் பிரச்சினை

ஒவ்வொரு நேர் முழுவெண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என 1770-இல் லாக்ராஞ்சி நிறுவினார். எடுத்துக்காட்டாக 7 = 4 + 1 + 1 + 1. அதே ஆண்டில் எட்வர்டு வாரிங் என்ற ஆங்கிலேயர், கன எண்களானால் ஒன்பது போதும், நான்காம் அடுக்குகளானால் பத்தொன்பது போதும் என்று நிறுவல் இன்றி எழுதி வைத்தார். ஒவ்வோர் அடுக்குக்கும் இப்படி ஒரு முடிவுள்ள எண்ணிக்கை உண்டு என்பதை 1909-இல் ஹில்பர்ட் நிறுவினார். ஆனால் அந்த எண்ணிக்கை சரியாக எவ்வளவு என்பது திறந்தே இருந்தது.

கீழ் எல்லையைக் காண்பது எளிது. ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729. இப்போது 703 என்ற எண்ணைப் பார்க்கவும். இது 729-ஐ விடச் சிறியது. எனவே இதனை 64-களையும் 1-களையும் மட்டுமே கொண்டு கட்ட வேண்டும். பத்து 64-கள் சேர்ந்து 640. மீதி 63 ஒன்றுகள். ஆக 73 எண்கள் தேவை. அதற்குக் குறைந்து இயலாது. இதன் பொது வடிவம்: ஒன்றரையை வேண்டிய அடுக்குக்கு உயர்த்தி அதன் முழுவெண் பகுதியை எடுத்து, 2-இன் அதே அடுக்குடன் கூட்டி, 2-ஐக் கழிக்க வேண்டும். ஒன்றரையின் ஆறாம் அடுக்கு 11.39; ஆகவே 64 + 11 – 2 = 73. இக்கீழ் எல்லை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. இதுவே போதுமானதுமாகும் என்று காட்டுவதுதான் கடினம். 73-ஐக் கேட்கும் எண் ஒன்று இருக்கிறது என்பதற்கு 703 சாட்சி. 74-ஐக் கேட்கும் எண் எங்குமே இல்லை என்பதற்கு எல்லா எண்களையும் அல்லவா விசாரிக்க வேண்டும்?

1930-களின் நடுவில் உருசியக் கணிதவியலாளர் வினோகிராதவ், ஹார்டி-லிட்டில்வுட் வட்ட முறையைப் பெரிதும் கூர்மைப்படுத்தினார். மிகப் பெரிய எண்களுக்குத் தேவையான அடுக்குகளின் எண்ணிக்கை மிகவும் குறைவே என்பது அதனால் புலப்பட்டது. எஞ்சியது, இடைப்பட்ட எண்களின் பெருவெளி. அவ்வெளியைக் கடக்கும் வழியைப் பிள்ளையும், சிகாகோவில் இருந்த லெனார்டு டிக்சனும் ஏறத்தாழ ஒரே காலத்தில், 1935-36-இல், தனித்தனியே கண்டனர். பெரிய அடுக்குகளுக்கெல்லாம், ஒரு சிறு நிபந்தனைக்கு உட்பட்டு, மேற்கண்ட வாய்பாடே விடை என்பது நிறுவப்பட்டது. டிக்சன் அப்போது உலகப் புகழ் பெற்ற மூத்த பேராசிரியர். பிள்ளையோ, தோன்றி ஆறேழு ஆண்டுகளே ஆன ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர்.

அடுக்கு சிறிதாக ஆக இம்முறை இறுக்கமாகிறது. ஆறாம் அடுக்குக்கு விடை 73 தான் என்பதைப் பிள்ளை 1940-இல் நிறுவினார். ஐந்தாம் அடுக்குக்கு 37 என்ற விடையைச் சீனாவின் சென் சிங்ருன் 1964-இல் கண்டார். நான்காம் அடுக்குக்கு வாரிங் சொன்ன 19 சரியே என்பது 1986-இல் முடிவாயிற்று. அதனை முடித்த மூவருள் ஒருவர் தமிழ்நாட்டின் இரா. பாலசுப்பிரமணியன் ஆவார்.

எஞ்சிய நிபந்தனை

மேலே கூறிய சிறு நிபந்தனை இதுதான்: ஒன்றரையின் அடுக்கை எழுதும்போது கிடைக்கும் பின்னப் பகுதி 1-க்கு மிக அருகில் இருக்கக் கூடாது. ஆறாம் அடுக்கில் பின்னப் பகுதி 0.39, தாண்டக் கூடாத வரம்பு 0.83. ஆகவே குறையில்லை. அடுக்கு ஏற ஏற வரம்பு 1-ஐ நெருங்குகிறது. வரம்புக்கும் 1-க்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ முக்காலின் அதே அடுக்கு ஆகும். பத்தாம் அடுக்கில் இது நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. நூறாம் அடுக்கில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு.

பின்னப் பகுதிகள் சீட்டுக் குலுக்கியது போல் விழுகின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நிபந்தனை மீறப்படும் அடுக்குகளின் எதிர்பார்ப்பு எண்ணிக்கையைக் கணக்கிடலாம். 1990-இல் 47 கோடியே 16 லட்சம் வரையுள்ள அடுக்குகள் கணினியால் சரிபார்க்கப்பட்டன. ஒரு மீறலும் இல்லை. அதற்கு மேலுள்ள எல்லா அடுக்குகளுக்கும் சேர்த்து வரும் எதிர்பார்ப்பு எண்ணிக்கையை எழுதினால், பதின்மப் புள்ளிக்குப் பின் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட சுழியங்கள் வந்த பிறகே வேறு இலக்கம் தோன்றும். பணயம் வைப்பவருக்கு இது முடிந்துபோன வழக்கு. கணிதத்தில் அப்படியன்று. பின்னப் பகுதிகள் உண்மையில் குலுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் முன்கூட்டியே தீர்மானமானது. மீறல்கள் இருந்தாலும் முடிவுள்ள எண்ணிக்கையிலேயே இருக்கும் என்று மாலர் 1957-இல் நிறுவினார். ஒன்றும் இல்லை என்பதை இன்றுவரை எவரும் நிறுவவில்லை.

பிள்ளை சார்பும் எதிர்பார்ப்பு மதிப்பும்

1933-இல் பிள்ளை ஒரு எளிய கூட்டலை ஆராய்ந்தார். ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, 1 முதல் அந்த எண் வரையுள்ள ஒவ்வொன்றுக்கும் அதற்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டு, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 6-க்கு இவை 1, 2, 3, 2, 1, 6, கூட்டுத்தொகை 15. இத்தாலியக் கணிதவியலாளர் செசாரோ இதனை 1880-களிலேயே தொட்டிருந்தாலும், இன்று இது பிள்ளையின் எண்கணிதச் சார்பு என்றே வழங்குகிறது.

இக்கூட்டுத்தொகையை எடுத்துக்கொண்ட எண்ணால் வகுத்தால் கிடைப்பது ஓர் எதிர்பார்ப்பு மதிப்பு. பங்கு வணிக நிறுவனங்கள் தம் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் கேட்கும் வினாக்களின் சாயலில் இதனைப் பின்வருமாறு அமைக்கலாம். ஒரு பானையில் 1 முதல் 100 வரை எண்ணிட்ட சீட்டுகள் உள்ளன. ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அதன் எண்ணுக்கும் 100-க்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அவ்வளவு ரூபாய் பரிசு. இவ்விளையாட்டுக்கு நியாயமான நுழைவுக் கட்டணம் என்ன?

நூறு சீட்டுகளையும் தனித்தனியே பார்க்கத் தேவையில்லை. 100-இன் வகுத்திகள் ஒன்பதே. 1 ரூபாய் தரும் சீட்டுகள் 40. 2 ரூபாய் தருபவை 20. 4 ரூபாய் தருபவை 20. 5 ரூபாய் தருபவை 8. 10 ரூபாய் தருபவை 4. 20 ரூபாய் தருபவை 4. 25 ரூபாய் தருபவை 2. 50 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் ஒவ்வொரு சீட்டு. மொத்தப் பரிசு 520 ரூபாய். ஆகவே நியாயக் கட்டணம் 5 ரூபாய் 20 காசு.

பிள்ளை சார்பின் ஒரு பண்பு இதனை இன்னும் சுருக்கும். பொது வகுத்தி இல்லாத இரு எண்களின் பெருக்கலுக்குச் சார்பின் மதிப்பும் பெருக்கலாகவே வரும். 100 என்பது 4 பெருக்கல் 25. 4-க்குச் சார்பின் மதிப்பு 8, 25-க்கு 65, இரண்டையும் பெருக்க 520. பகா எண்ணின் வர்க்கத்துக்கு மதிப்பு, வர்க்கத்தின் மும்மடங்கிலிருந்து பகா எண்ணின் இருமடங்கைக் கழித்தால் கிடைக்கும் என்பதை அறிந்தவர் இதனை மனக்கணக்காகவே செய்துவிடலாம்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, 5 ரூபாய் 20 காசு கொடுத்து விளையாடுபவர்களில் நூற்றுக்கு 88 பேர் இழப்புடனேயே வீடு திரும்புவர். ஏனெனில் 88 சீட்டுகள் 5 ரூபாயோ அதற்குக் குறைவோ தருகின்றன. மீதிப் பன்னிரண்டு சீட்டுகளே சராசரியைத் தூக்கி நிறுத்துகின்றன. கட்டணம் நியாயமானது என்பதும், பெரும்பாலோர் இழப்பர் என்பதும் ஒருங்கே உண்மை. இரண்டாவது, பானையில் 101 சீட்டுகள் வைத்து 101-உடன் ஒப்பிட்டால் கட்டணம் 2 ரூபாய்க்கும் சற்றுக் கீழே விழுந்துவிடும். 101 பகா எண் ஆகையால் நூறு சீட்டுகள் ஒரு ரூபாயும், கடைசிச் சீட்டு 101 ரூபாயும் தரும். மொத்தம் 201 ரூபாய். ஒரு சீட்டைக் கூட்டியதும் விலை பாதிக்கும் கீழாகிறது. எண்ணின் அளவு அன்று, அதன் வகுத்திகளின் அமைப்பே விலையைத் தீர்மானிக்கிறது.

பிள்ளை வணிகத்துக்காகவோ சூதாட்டக் கணக்குக்காகவோ இதனை ஆராயவில்லை. அவர் நோக்கியது எண்களின் இயல்பை மட்டுமே. எனினும் அவரது ஆய்வுகளில் சராசரி, பரவல் ஆகிய கருத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தற்செயலாக எடுத்த இரு எண்களுக்குப் பொது வகுத்தி இல்லாமலிருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.608 என்ற பழைய முடிவுக்கு அடிப்படையான ஆய்லர் சார்பின் கூட்டலில், பிழை எவ்வளவு சிறிதாக இருக்க முடியாது என்பதை 1930-இல் சர்வதாமன் சௌலாவுடன் இணைந்து நிறுவினார். 1940-இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை பகாக் காரணிகளின் எண்ணிக்கையைப் பற்றியது. 12 = 2 × 2 × 3 என்பதற்கு மூன்று காரணிகள். இவ்வெண்ணிக்கையை எந்த எண்ணால் வகுத்தாலும், நெடுந்தொலைவில் எல்லா மீதிகளும் சமமாகப் பங்கிடப்படுகின்றன என்று காட்டினார். இரண்டால் வகுக்கும் நிலை மாங்கோல்ட் என்பவரால் முன்பே அறியப்பட்டது. பொது நிலை பிள்ளையுடையது. இது பிள்ளை-செல்பர்க் தேற்றம் எனப்படுகிறது.

அதே ஆண்டுகளில் இயல்பு எண்கள் பற்றியும் எழுதினார். ஓர் எண்ணின் பதின்ம விரிவில் ஒவ்வோர் இலக்கமும் பத்தில் ஒரு பங்கும், ஒவ்வோர் ஈரிலக்கத் தொடரும் நூறில் ஒரு பங்கும், இவ்வாறே மற்ற தொடர்களும் வந்தால் அது இயல்பு எண். ஏறத்தாழ எல்லா எண்களும் இத்தகையவை என்று 1909-இல் பொரேல் நிகழ்தகவு வழியே காட்டினார். 10, 100, 1000 எனத் தொடரும் அடிமானங்களில் ஒவ்வோர் இலக்கமும் சமமாக வருகிறதா என்று பார்த்தாலே போதும், தொடர்களைத் தனியே சோதிக்க வேண்டியதில்லை என்பது பிள்ளையின் முடிவு.

பிள்ளை ஊகம்

4, 8, 9, 16, 25, 27, 32, 36 என வர்க்கங்கள், கனங்கள் முதலிய அடுக்கு எண்களை வரிசையாக எழுதினால் இடைவெளிகள் ஒழுங்கின்றிக் காணப்படும். 8-க்கும் 9-க்கும் இடைவெளி 1. 25-க்கும் 27-க்கும் 2. 125-க்கும் 128-க்கும் 3. எந்த ஒரு குறிப்பிட்ட இடைவெளியும் முடிவுள்ள தடவைகளே வரும் என்பது பிள்ளையின் ஊகம். இடைவெளி 1 என்பது 8, 9 இணைக்கு மட்டுமே உரியது என்ற காட்டலானின் 1844-ஆம் ஆண்டு ஊகத்தை 2002-இல் மிகைலெசுக்கு நிறுவினார். 2 முதலான மற்ற இடைவெளிகளுக்குப் பிள்ளையின் ஊகம் இன்றும் நிறுவப்படாமலே உள்ளது.

பள்ளி மாணவரும் சோதித்துப் பார்க்கத்தக்க முடிவு ஒன்றையும் அவர் விட்டுச் சென்றார். அடுத்தடுத்த எண்கள் பதினாறு வரை எடுத்தால், அவற்றுள் மற்ற எல்லாவற்றுடனும் பொது வகுத்தி இல்லாத எண் ஒன்றேனும் இருந்தே தீரும். பதினேழு எடுத்தால் இது பொய்க்கும்: 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களில் ஒவ்வொன்றும் வேறு ஏதேனும் ஒன்றுடன் வகுத்தியைப் பகிர்ந்துகொள்கிறது.

இறுதிக் காலம்

1941-இல் பிள்ளை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கும், அடுத்த ஆண்டில் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். செருமனியிலிருந்து வெளியேறி வந்து அங்குப் பேராசிரியராக இருந்த பிரெடெரிக் லெவி அவரை அழைத்தார்.

1950-இல் அவருக்கு இரு அழைப்புகள் வந்தன. ஒன்று, அமெரிக்காவின் பிரின்சுடன் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராய்வதற்கானது. மற்றொன்று, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் நடைபெறவிருந்த அனைத்துலகக் கணிதவியலாளர் மாநாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கலந்துகொள்வதற்கானது. போரினால் 1936-க்குப் பின் கூடாதிருந்த மாநாடு அது. ஆகஸ்ட் 30 அன்று மாநாடு தொடங்கியது. பிள்ளை பயணம் செய்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 903-ஆம் எண் வானூர்தி பம்பாயிலிருந்து நியூயார்க்கு செல்வது. ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவிலிருந்து உரோமை நோக்கிப் புறப்பட்ட சிறிது நேரத்தில் பொறி ஒன்று பழுதுற்றுத் தீப்பற்றியது. வானூர்தி எகிப்தியப் பாலைவனத்தில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். எகிப்தியத் திரைப்பட நடிகை கமேலியாவும் அவர்களுள் ஒருவர்.

பிள்ளையின் கட்டுரைகள் நெடுங்காலம் பழைய இதழ்களில் சிதறிக் கிடந்தன. இரா. பாலசுப்பிரமணியன், இரா. தங்கதுரை ஆகியோர் அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தனர். இராமானுசன் கணிதக் கழகம் அத்தொகுப்பை 2010-இல் வெளியிட்டது. பிள்ளை பகா எண்கள், பிள்ளை தொடர்வரிசை ஆகியனவும் அவர் பெயரால் வழங்குகின்றன. பிள்ளை பகா எண்களில் மிகச் சிறியது 23.